முனுசாமிக்கு ஒரு ரிமோட்

பழைய டிவி ஒளிபரப்பை அன்று மாலையோடு நிறுத்தப் போகிறார்கள். வானொலியில் இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. இருந்தும் ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் பலர், அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த டிஜிட்டல் பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்தார்கள். வயதானவர்கள், நோயாளிகள் வீடுகளுக்குப் போய் அதை மாட்டிக் கொடுப்பதுதான் மோகனாவின் வேலை. அன்றைக்குக் கடைசி வீடு ஜெயலெட்சுமியுடையது. லிஃப்ட் வழக்கம்போலக் காலை வாரிவிட, மூச்சு வாங்க உள்ளே நுழைந்தாள்.

இங்கே பெட்டியைப் பிரித்தே வைத்திருந்தார்கள். போன வாரம் ஆயுத பூசையில் மற்ற சாமான்களோடு வைத்துக் கும்பிட்டு, டிவிக்குக் கீழே பத்திரப்படுத்தியிருந்தார்கள். மோகனாவுக்கு மனம் குளிர்ந்தது.

எதிரே கட்டிலில் சாய்ந்திருந்தார் ஜெயலெட்சுமியின் கணவர் முனுசாமி. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய உடம்பு. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பேச்சும் போய் இரண்டு வருடமாகிறது. இடது கையும் கண்களும் மட்டும் சுறுசுறுப்பாக இருந்தன.

"நான் கேன்டீன் வேலைக்குப் போயிட்டா இவருக்கு டிவிதான் தொணை," என்றாள் ஜெயலெட்சுமி. "டிவி ரிமோட் தொலஞ்சு போச்சு, நான் வச்சுட்டுப் போற சேனலத்தான் பாப்பாரு. போன தடவ டிவி ரோசாக் ஆயி படம் வராதப்ப, சும்மா படுத்திருக்க முடியாம எந்திரிக்கப் பாத்து கீழ விழுந்துட்டாரு. இன்னிக்குப் படம் வரலன்னா நாளையிலேருந்து நான் வேலைக்கு முழுக்குப் போட வேண்டியதுதான் லா."

"அதெல்லாம் வரும்க்கா. இப்ப முடிச்சிடறேன்," என்று மோகனா அவசரப்பட்டு வாக்குக் கொடுத்துவிட்டாள்.

துணி காயப்போடும் மூங்கிலில் ஏரியலைக் கட்டினாள். ஒயர்களைச் சொருகினாள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. சேனல்களைத் தேட, பெட்டியோடு வந்த ரிமோட்டை அழுத்தும்படி திரை சொன்னது. அழுத்தினாள். திரை அசையவில்லை. புது பேட்டரி போட்டாள். ம்ஹூம். ரிமோட்டைக் கைப்பேசிக் கேமராவுக்கு நேராகப் பிடித்து அழுத்தியபோது, கண்ணுக்குத் தெரியாத அதன் ஒளி கைப்பேசியில் மினுக்கியது. ரிமோட் நன்றாகத்தான் இருக்கிறது, பெட்டிதான் பழுது. செபராங் ஜெயாவில் பெட்டிகள் வைத்திருக்கும் ஸ்டோருக்குப் போன் போட்டாள். மாற்றுப் பெட்டி அடுத்த மாதம்தான் வரும் என்றார்கள். மோகனா போனை வைத்துவிட்டு, ஒயர்களைக் கழற்றி மறுபடியும் சொருகினாள்.

அப்போது முனுசாமி இடது கையால் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

"தலைவலிக்குதா?" ஜெயலெட்சுமி ஓடிப்போய்த் தைலம் தேய்த்தாள். அவர் பலமாகத் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார்.

"இந்தத் தலையாட்டம் சீக்கோட சேந்து வந்தது," என்றாள் மோகனாவிடம். "சாயங்காலம் நாடகம் ஆரம்பிச்சா இன்னும் ஜாஸ்தியாயிடும். டாக்டரு ஒண்ணும் இல்லங்கிறாரு."

அவர் மறுபடியும் நெற்றியைத் தொட்டார். தைலத்துக்கு மேலேயே திருநீறு பூசிவிட்டாள். முனுசாமி அவளை முறைத்த முறைப்பில் வீடு பற்றியிருக்க வேண்டும். கட்டிலை ஓங்கித் தட்டி, நெற்றியைத் தொட்டு, டிவிக்குக் கீழே விரலை நீட்டினார்.

மோகனா அந்த விரலின் போக்கிலே பார்த்தாள். பெட்டியின் முகத்தில், ரிமோட்டின் ஒளி நுழைய வேண்டிய சின்னக் கண்ணாடியின் மேல், தடிமனாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.

அவள் அதைப் பார்க்காமல் இல்லை. அவள் காருக்கும் அடுப்புக்கும் திருப்புளிப் பெட்டிக்கும்கூடப் பூசைப் பொட்டு இன்னும் அழியாமல் இருக்கிறது. பொட்டில்லாமல் இருந்திருந்தால்தான் கண்ணை உறுத்தியிருக்கும். கூட வேலை பார்க்கும், பூசைப் பழக்கம் தெரியாத பெவர்லி வந்திருந்தால், வாசலிலேயே கேட்டிருப்பாள், இது என்ன கறையென்று.

"அக்கா, இந்தப் பொட்டத் தொடைக்கணும்."

"சாமிக்கு வச்சதாச்சே!" ஜெயலெட்சுமி தயங்கினாள். பிறகு பெட்டியின் தலையில் புதிதாக ஒரு பொட்டு வைத்து, ஏதோ முணுமுணுத்து, முகத்துப் பொட்டை முந்தானையால் துடைத்தாள்.

மோகனா ரிமோட்டை அழுத்தினாள். சேனல்கள் வரிசையாக வந்து விழுந்தன. திரையில் ஒரு பெண் கதறி அழுதுகொண்டிருந்தாள்.

"நம்ம நாடகம்! எவ்ளோ தெளிவா அழுவுறா பாரேன்!" ஜெயலெட்சுமிக்கு வாயெல்லாம் பல். "இவருக்கு இதுன்னா உசுரு. ஒருநா விடாம பாத்துடுவாரு."

முனுசாமியின் தலை ஆடத் தொடங்கியது.

மோகனா அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ரிமோட்டை அவருடைய இடது கையில் வைத்து, மாற்றும் பொத்தானைக் காட்டினாள். அவர் அழுத்தினார். அழுகை மறைந்தது. இன்னொரு தடவை. பச்சைத் திடலில் பந்து உருண்டது. முனுசாமியின் தலை அப்படியே நின்றுவிட்டது.

ஜெயலெட்சுமி அவரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப இத்தன நாளா... வேணாம்னா சொன்னீங்க?" ஜெயலெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டு வருடமாக அந்த மனிதர் வேண்டாம் வேண்டாம் என்று சொன்னதை நோய் என்று நினைத்துவிட்டோமே என்று நெஞ்சு பதறியது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் நெற்றியிலிருந்த தைலத்தையும் திருநீற்றையும் மெல்லத் துடைத்துவிட்டாள்.

"நாளைக்கு நான் வேலைக்குப் போறேன். நீங்க பந்து பாருங்க," என்றாள். சற்றுப் பொறுத்து, "என்னங்க, அந்தப் பொண்ணு எதுக்கு அழுவுறான்னு மட்டும் ஒரு தடவ பாத்துக்கட்டா?"

முனுசாமி ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, நிதானமாக, தெளிவாக, தலையை இடமும் வலமுமாக ஆட்டினார்.