கதவில் மாட்டிய கை

குமரேசன் தன் மனைவி ஓவியாவின் வலது மணிக்கட்டை முறுக்கிய காரணம் ரொம்பப் பெரியது. ராத்திரி அவள் கேஸ் அடுப்பின் திருகை சரியாக மூடாமல் படுத்துவிட்டாள். விடிந்து பார்த்தால் சிலிண்டர் காலி, ஐயாவுக்குக் காபி இல்லை. உள்ளே எலும்பு மளுக்கென்றபோது ஓவியா கத்தவில்லை. கூடாரத்துக்குள் கத்தினால் வெளியே எல்லாம் கேட்கும்.

“அடிச்சேனா? அடிக்கலை இல்ல? அப்புறம் எதுக்கு இந்த மூஞ்சி?” என்றான்.

போன வருஷம் அவளுடைய சுண்டுவிரல் உடைந்த பிறகு, எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து அவன் சத்தியம் செய்திருந்தான். இனி இவளை அடிக்க மாட்டேன், அடித்தால் இவள் அம்மா வீட்டுக்குப் போகலாம், தடுக்க மாட்டேன். அந்தச் சத்தியத்தை இன்றுவரை காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறான் உத்தமன். தள்ளுவான், கிள்ளுவான், முடியைப் பிடித்து இழுப்பான். அடிக்க மட்டும் மாட்டான். காலையில் நடந்தது கணக்கில் சேருமா சேராதா, போகலாமா கூடாதா என்ற ஒரே கேள்வி ஓவியாவின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

ஓசூரிலிருந்து பழைய வேனில் கூடாரமும் அடுப்பும் ஏற்றிக்கொண்டு கிளம்பிய பயணம் இது. ஏலகிரி, ஜவ்வாது மலை என்று சுற்றிவிட்டு, கடற்கரைப் பக்கம் போகுமுன் சாமான் வாங்குவதற்காக அகரம்தென் என்ற ஊரில் நண்பனுடைய காலி மனையில் தங்கியிருந்தார்கள். அவளுடைய அம்மா கிளியம்மாள் இருக்கும் பெருங்களத்தூர் இங்கிருந்து அரைமணி தூரம். “ட்ரிப்னா ட்ரிப். மாமியார் வீட்டு விருந்துக்கெல்லாம் நான் வரலை. வந்திருக்கோம்னுகூடச் சொல்லாதே” என்று அவன் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டான்.

சேலையூர் கேம்ப் ரோட்டில் சிலிண்டருக்கு கேஸ் நிரப்பினார்கள். மருந்துக்கடையில் வலிக்கு ஸ்ப்ரே கேட்டாள். கடைக்காரர் கையைப் பார்த்து, “எக்ஸ்ரே எடுத்துடுங்கம்மா. எப்படி ஆச்சு?” என்றார்.

“வேன் கதவுல மாட்டிக்கிச்சு சார்,” என்று குமரேசன் முந்திக்கொண்டான்.

நாலு வருஷத்தில் எத்தனை கதவுகள்! ஓவியாவும் தலையை ஆட்டினாள்.

வெளியே ஒரு பைக்கின் ஹேண்டில்பார் வேனை லேசாக உரசியது. அவ்வளவுதான், குமரேசன் பாய்ந்துபோய் அந்த ஆளைச் சட்டையோடு பிடித்து அறைந்தான். ஆள் பைக்கோடு சரிந்தார், உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. சத்தியம் பெண்டாட்டிக்கு மட்டும்தானே, ஊருக்கு இல்லையே.

ஓவியா ஓடிப்போய் இடது கையால் பைக்கைத் தூக்கப் பார்த்தாள். “சாரிண்ணா. அவருக்கு ராத்திரி தூக்கமே இல்ல. தப்பா எடுத்துக்காதீங்க.”

அவர் ரத்தத்தைத் துப்பிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். “இவன்கூட எப்டிம்மா குடித்தனம் பண்ற நீ?”

அவள் மறுபடியும் சாரி சொன்னாள். அவனுக்காக மன்னிப்புக் கேட்பது அவளுக்குப் பல் துலக்குவதுபோலப் பழகிப்போயிருந்தது.

அங்கிருந்து திருநீர்மலை. அவர்களுக்குக் கல்யாணம் நடந்த கோயில். குமரேசன் பயணம் முழுக்க வீடியோ எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தான், இதை விடுவானா? படிக்கட்டில் போன் மாட்டிய ட்ரைபாட் ஸ்டாண்டை நிறுத்தினான்.

“துப்பட்டாவை இழுத்து விடு. கை வீக்கம் ஃப்ரேம்ல தெரியுது. ம், சிரி.”

சிரித்தாள். “ஹாய் ஃப்ரெண்ட்ஸ், எங்க லவ் ஸ்டோரி ஆரம்பிச்ச இடம் இது!” என்று அவன் அவள் தோளைத் தழுவினான். அந்தப் பிடியில் அவள் உடம்பு கூசியது.

எடுத்து முடித்துப் போனைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ட்ரைபாடை மடக்கினான். அந்த நேரம் பார்த்து மதிலிலிருந்து ஒரு குட்டிக் குரங்கு தாவி, வாழைப்பழம் இருந்த ஓவியாவின் கைப்பையைப் பறித்தது. அவளுடைய செத்த கையால் பிடிக்க முடியவில்லை. குமரேசன் ட்ரைபாடை ஓங்கி வீசினான். முதல் அடியிலேயே குரங்கு பையைப் போட்டுவிட்டது. அவன் நிறுத்தவில்லை. முதுகில் ஒன்று, முன்னங்காலில் ஒன்று, தலையில் ஒன்று. அது கத்தியது. கருங்கல் படியில் ரத்தம் தெறித்தது. அவன் முகத்தில் காலையில் பார்த்த அதே நிதானம். கோபம்கூட இல்லை. அதுதான் அவளைக் கதிகலங்க வைத்தது.

“சாமி எடத்துல கொரங்கை அடிச்சிக்கினு கீறான்டா! புட்ரா அவனை!” நாலைந்து பேர் ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்தார்கள். ஒருவர் பிடரியில் போட்டார்.

“வாயில்லா ஜீவனைக் கொன்னுட்டியேடா பாவி!” என்று படியோரம் பூ விற்கும் அம்மாள் அலறினாள்.

குமரேசன் திமிறி ஓவியாவை இழுத்தான். துப்பட்டாவை விலக்கி, நீலம் பாரித்து வீங்கிய மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினான். “பாருங்க, என் பொண்டாட்டியைக் கடிச்சிடுச்சு! கையைப் பாருங்க! வேற என்ன பண்றது?”

பிடித்திருந்த கைகள் தளர்ந்தன. பூக்காரம்மாள் கிட்டே வந்தாள். “அய்யோ, கடிச்சிச்சா கண்ணு? ஊசி போடணுமே.”

தலையை ஆட்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். ‘ஆட்டு’ என்றது குமரேசனின் பார்வை. ஓவியா கீழே பார்த்தாள். குரங்கு இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அதன் கை பின்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. தன் கையை அவன் எவ்வளவு தூரம் திருப்பியிருப்பான், இன்னும் கொஞ்சம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“கடிக்கலக்கா,” என்றாள். “குரங்கு என் மேல படவே இல்ல. இது காலையில இவர் முறுக்கினது.”

சொல்லி வாயை மூடுமுன் அறை விழுந்தது. கோயில் வாசலில், அத்தனை பேர் பார்க்க. காது கொய்யென்றது, வாய்க்குள் ரத்தம் உப்புக் கரித்தது. வலியோடு கூடவே ஒரு நிம்மதி. அடித்துவிட்டான். இனிமேல் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. இப்படி ஒரு நிம்மதி தனக்கு வந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது.

கூட்டம் அவன்மேல் விழுந்தது. உதை, குத்து, செருப்படி. “ஓவியா! சொல்லு இவங்ககிட்ட! ஓவியா!” என்று குமரேசன் கத்தினான். எல்லாரிடமும் அவனுக்காக சாரி சொல்லிப் பழகிய வாய், இந்த முறை திறக்கவில்லை. ரத்தம் தெறித்த கைப்பையை எடுத்துக்கொண்டு அவள் படியிறங்கினாள்.

கீழே ஆட்டோ ஸ்டாண்டில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டாள்.

“என்னடி, குரல் ஒரு மாதிரி இருக்கு? மறுபடியும் கதவுல மாட்டிக்கிட்டியா?” என்றாள் கிளியம்மாள்.

“கதவு இல்லம்மா. எப்பவுமே கதவு இல்ல. அவர்தான்.”



“தெரியும்டி,” என்றாள் அம்மா. “நீயா சொல்லட்டும்னு இருந்தேன்.”

ஓவியாவுக்கு இன்று முழுக்க வராத அழுகை அப்போது வந்தது. புருஷன்மேல் வந்ததைவிடப் பெரிய கோபமும் வந்தது. தெரியுமாம். போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

“எங்கம்மா போவணும்?” என்றார் ஆட்டோக்காரர்.

போவதற்கு வேறு வீடு இல்லை. “பெருங்களத்தூர்,” என்றாள். “போற வழியில ஒரு ஆஸ்பத்திரில நிறுத்துங்கண்ணா. என் வீட்டுக்காரர் கையை ஒடச்சிட்டாரு.”