கடலைப் பார்க்க வைத்த கோப்பை

கீழ்க்கடலின் விளிம்பில் எழுந்த இளங்கதிர், கரைவலை இழுப்போரின் ஈரத்தோள்களை முதலில் தொட்டு, தென்னங்கீற்றுகளின் ஊடே இறங்கி, மருதமுனையின் மணல் ஒழுங்கைகளில் பொன்துகள் தூவி, விடியுமுன்னே எழுந்துவிட்ட தறிகளின் தடதடப்பைச் செவிமடுத்தவாறு மெல்ல நடந்து, இறுதியில் ஊரின் மேற்கோரத்தே பூசியும் பூசாமலும் நின்ற ஒரு சிறு வீட்டின் பின்புறத்தை எட்டிப் பார்த்தபோது, அங்கே சீமெந்து நன்றாக இறுகிப்போயிருந்தது. பண்புடை வாசகரே, இறுகியது சீமெந்தின் குற்றமன்று. அதன் தொழிலே அதுதான். குற்றமெல்லாம், முந்திய மாலை அதற்குள் வெண்சங்கு போன்ற கழிப்பறைக் கோப்பை ஒன்றைப் பதித்து, நான்கு புறமும் தடவி மெழுகி, வெற்றி வாகை சூடிய வேந்தனைப்போல் மிதிவண்டியேறிச் சென்ற ஸப்ரியினுடையதே.

கழிப்பறையில் அமர்கையில் தொழுகைத் திசையாகிய கிப்லாவை நோக்கியும் அமர்தல் ஆகாது, அதற்குப் புறங்காட்டியும் அமர்தல் ஆகாது என்பது அவ்வூரில் குழந்தையும் அறிந்த ஒழுக்கம். கிப்லா மேற்கே இருத்தலால், அங்குள்ள கோப்பைகள் யாவும் வடக்குத் தெற்காகவே கிடக்கும். நில அளவை அலுவலகத்தில் படம் வரைபவனும், வடக்கைக் காட்டும் அம்புக்குறியை வரைந்து வரைந்தே விரல் காய்த்தவனுமாகிய ஸப்ரியோ, மேற்கை நோக்கலாகாது என்னும் முற்பாதியை நெஞ்சில் ஆழப் பதித்து, அதனின்றும் இயன்ற மட்டும் விலகவேண்டுமென்று, கோப்பையை நேர் கிழக்கே கடலைப் பார்க்கத் திருப்பிவைத்திருந்தான். பிற்பாதி அவன் நினைவுக்கு வரவேயில்லை.

காலையில் மீண்டும் வேலைக்கு வந்த அவனுக்குச் சாந்து குழைக்கத் தண்ணீர் வாளியோடு வந்த மனைவி ஹுஸ்னியா, வாயிலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க இது? இப்படித் திருப்பி வெச்சிரிக்கீங்க?"

"கிப்லாவப் பாத்து இரிக்கப்படாதே. அதுதான் கடலப் பாக்க வெச்ச நான்."

"கடலப் பாத்துக் குந்தினா முதுகு எங்கால இரிக்கும்?"

ஸப்ரி வெட்டவெளியில் கடலை நோக்கிக் குந்தி, கழுத்தை வளைத்துத் தன் முதுகுக்குப் பின்னே பார்த்தான். மேற்கு, எங்கும் போகாமல், அங்கேயே இருந்தது.

இங்கே அவன் வருத்தத்தின் வேரையும் சொல்லியாகவேண்டும். அந்நாட்டு வழக்கப்படி வீடு என்பது பெண்ணுக்கு உரியது. ஹுஸ்னியாவின் தந்தை முகைதீன்பாவா, சுவரும் கூரையுமாக அவ்வீட்டை எழுப்பி மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சியதை முடித்துக்கொள்ளுமாறு விட்டிருந்தார். அதுவரை இருவரும் அவள் பெற்றோரோடு வாழ்ந்தனர். வயல் அறுவடை முடிந்ததும் இளையவள் சுல்பிகாவுக்குத் திருமணம். அதன்பின் பெற்றோரின் வீடு அவளுக்கு. காணி மனைவியுடையது, சுவர் மாமனாருடையது, என்னுடையது எது என்று ஏங்கிய ஸப்ரி, எஞ்சிய வேலையனைத்தையும் தன் கையாலேயே முடிப்பேன் என்று சூளுரைத்தான். விளைவோ, தூக்கிப் பிடித்தாலன்றி மூடாத கதவு. மார்கழிக் கடல்போல் அலையெறியும் சுவர்ப்பூச்சு. வைத்த சீனித் தகரப்பேணி தானே நடந்து விளிம்புக்கு வரும் அடுக்களைத் தட்டு. ஒவ்வொன்றையும் முடித்து, "எப்படி, நல்லா இரிக்கா?" என்று அவன் கேட்குந்தோறும், ஹுஸ்னியா, "பாப்பம்" என்னும் ஒரே சொல்லால் கடந்து போவாள். அந்தப் பாப்பத்துக்குள் புகழ் இருக்கிறதா, பழி இருக்கிறதா என்று தேடித் தேடியே அவன் இளைத்துப்போனான்.

உளியும் சுத்தியலும் எடுத்து, துயிலும் குழந்தையைத் தொட்டிலினின்றும் தூக்குவான்போல் மெல்ல மெல்லக் கொத்தினான். சீமெந்து அசையவில்லை, கோப்பை மட்டும் இரண்டாகப் பிளந்தது. சீமெந்து மூடை ஒன்று கொண்டுவருதற்கே சோதனைச் சாவடிதோறும் இறக்கி ஏற்றி விளக்கம் சொல்லவேண்டியிருந்த அப்போர்க்காலத்தில், கழிப்பறைக் கோப்பையை இரண்டாம் முறையும் மிதிவண்டியில் கட்டிக்கொண்டு படைவீரர் முன் நிற்கும் தன் தோற்றத்தை எண்ணிப் பார்த்து, அவன் உளியோடே தலையில் கைவைத்துக் குந்திவிட்டான்.

அவ்வேளை பார்த்து மாமியார் ஆமினா உம்மா வந்துசேர்ந்தாள். மருமகனோடு முகம் பார்த்துக் கதையாத நாணம் உடையவளாதலின், தன் கருத்தையெல்லாம் முற்றத்தில் மேய்ந்த கோழிக்கே உரைத்தாள்.

"கோழியே, ஊருக்குள்ள மேசன் இல்லாமலா போயிட்டான்? படம் கீறுற கையால கக்கூஸ் கட்டலாமா? ஒனக்காவது வெளங்குதா?"

கோழி மணலைக் கிளறிக்கொண்டிருந்தது. "உம்மா, நீங்க ஊட்ட போங்க" என்று ஹுஸ்னியா தாயை அனுப்பிவைத்தாள்.

ஸப்ரி நிமிர்ந்தான். அலுப்பும் வெட்கமும் ஒன்றாய்க் குழைந்த குரலில், "ஹுஸ்னியா, இண்டைக்கு மட்டும் பாப்பமெண்டு சொல்லாத. கோழிக்கிட்டயும் சொல்லாத. எனக்கு நேரா சொல்லு. நான் கட்டுறது உனக்குப் புடிச்சிரிக்கா, இல்லையா?" என்றான்.

அவள் வாளியைக் கீழே வைத்து, முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தாள்.

"இல்ல. ஒண்டுகூடப் புடிக்கல்ல. கதவு புடிக்கல்ல, செவரு புடிக்கல்ல. அந்தத் தட்டு ஒருநாளைக்கு என்ட தலையிலதான் விழும். நாளைக்கே மேசனக் கூப்பிடுங்க."

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் எனக்குத் தண்ணி அள்ளித் தந்த?"

"உம்மாட ஊட்டுல நீங்க விருந்துக்கு வந்த ஆள் மாதிரி. கறியில உப்பு இல்லாட்டியும் வாய் தொறக்கிறல்ல. கெணத்தடிக்குப் போறதெண்டாலும் இருமிப்போட்டுத்தான் போற. இஞ்ச வந்தா என்னோட சண்ட புடிக்கீங்க, சத்தம் போட்டுச் சிரிக்கீங்க. அந்தச் சத்தத்தக் கேக்கத்தான் அள்ளின நான். கக்கூஸ மேசன் கட்டட்டும். தங்கச்சிட கலியாணத்துக்கு முந்தி நாம இஞ்ச வந்திருவம். நீங்க உப்பு இல்லையெண்டு சத்தம் போடுங்க."

வாசகரே, பாராட்டை நாடி நெடுநாள் காத்திருந்தவனுக்குக் கிடைத்தது பாராட்டன்று. அவன் கைவேலை முழுவதையும் ஒரே மூச்சில் இடித்துத் தள்ளிய தீர்ப்பே. ஆயினும், காணியில் தனதென்றும் சுவரில் தனதென்றும் ஒன்றைத் தேடிக் களைத்த அவன், பிளந்த கோப்பையின் அருகே குந்தியவாறே அத்தீர்ப்பை மீண்டும் ஒருமுறை மனத்துள் ஓட்டிப் பார்த்து, அவ்வீட்டில் அவள் கேட்க விரும்பிய சத்தம் தன்னுடையதே என்று கண்டு, உளியைக் கீழே வைத்தான்.