அண்டாவின் உட்புறம்

மலாயாவில் மம்பா ஊருக்குத் தெற்கே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் யார் வீட்டிலும் அரிசி இருக்கக் கூடாது என்பது சட்டம். காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்ச் சேரக் கூடாது என்று அவசரகாலத்தில் அரசாங்கம் செய்த ஏற்பாடு அது. தொழிலாளர் குடியிருந்த எல்லா லயங்களுக்கும் சேர்த்து முள்வேலிக்குள் ஒரே சமையல்கூடம். மத்தியானம் சங்கு ஊதியதும் வெந்த சோற்றை வாங்கிக்கொண்டு போகலாம். வெந்த சோறு மறுநாள் ஊசிப்போகும். அதை யாரும் கடத்த மாட்டார்கள் என்பது துரைமார்களின் கணக்கு.

அந்தச் சமையல் காண்டிராக்டு நல்லசாமிக்குக் கிடைத்திருந்தது. மரம் வெட்டப் போன இடத்தில் விழுந்து கால் ஊனமான பிறகு அவனுக்கு வேறு வேலை இல்லை. அவனும் அவன் மனைவி மயிலம்மாளும் விடியும் முன்பே அடுப்பு மூட்டினார்கள். பாத்திரங்கள் மாரியம்மன் கோயிலுடையவை: திருவிழா அன்னதானத்துக்கு வாங்கிய பெரிய பித்தளை அண்டாக்கள். எல்லாம் சரி, ஆனால் சிரம்பான் சுகாதார இன்ஸ்பெக்டர் சான்றிதழ் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ராசா என்ற ஊரில் கடை வைத்திருப்பவர் ஒருவர் அந்தக் காண்டிராக்டுக்குக் காத்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் சீவரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டையில் கரி படாமல் நடக்கத் தெரிந்தவர். முதல் தடவை வந்தபோது அண்டாவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இதென்ன, உள்ளுக்கை ஒரே கறுப்பாய்க் கிடக்குது?"

"பழைய அண்டாங்க ஐயா. அது அப்படித்தான் இருக்கும்."

"பழசோ புதுசோ, இதுக்குள்ளைதானே சனத்துக்குச் சோறு காய்ச்சிறீங்கள்? அடுத்த கிழமை வருவன். பளிச்செண்டு இருக்க வேணும். இல்லாட்டி நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

அந்த வாரம் முழுக்க மயிலம்மாள் வேறு எதையும் நினைக்கவில்லை. பக்கத்து வீட்டு லெட்சுமியைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். கோயில் குத்துவிளக்கை எப்படி விளக்குவார்களோ அப்படியே புளியும் செங்கல் தூளும் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்தார்கள். உள்புறம் எளிதில் விடவில்லை. கடைசியில் மயிலம்மாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அண்டாவுக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்தாள்.

"அக்கா, அப்படியே இரு. மூடியப் போட்டு அடுப்ப மூட்டிடறேன்லா!"

"மூட்டுடி. ஆறுமுகம் மண்டோர் கறி கறின்னு அலையறாரு, அவருக்கு ஒரு வாளி எடுத்து வை."

சாம்பல் நிறத்தில் ஒன்று கரைந்து கரைந்து தண்ணீரோடு போயிற்று. அதன் அடியிலிருந்து பித்தளை மஞ்சளாக எழுந்து வந்தது. ஆண்டுக்கணக்காகப் படிந்த அழுக்கு என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அவர்கள் வீடுகளில் இருந்தவை மண்சட்டியும் அலுமினியமும்தான்.

இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். அண்டாவுக்குள் பார்த்தவர் தம்மை அறியாமல் சிரித்துவிட்டார்.

"சிரம்பான் பக்கத்திலை இப்பிடியொரு குசினி நான் காணேல்லை."

அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நல்லசாமி அந்தச் சான்றிதழைச் சுவரில் ஒட்டினான்.

அன்று மாலை, தோட்டத்து வேலையாட்களை மேற்பார்க்கும் ஆறுமுகம் மண்டோர் வந்தார். "அண்ணே, விடியக்காலம் வெறும் வயித்தோடதான் பெரட்டுக்குப் பேர் குடுக்கப் போறோம். நீங்க குடுக்கற வெள்ளச்சோறு காலையில நூல் விடுது. நாளைக்கு ஒரு நாளு புளிச்சோறு கிண்டுங்களேன். அது தாங்கும்."

நியாயமாகத்தான் பட்டது. நல்லசாமி புளியைக் கரைத்து அன்று இரவே அதே அண்டாவில் காய்ச்சி, மூடி வைத்தான். மறுநாள் சோற்றைக் கொட்டிக் கிளறினான். சங்கு ஊதியது. வாசனைக்கே வரிசை நீண்டது.

முதலில் வாந்தி எடுத்தது லெட்சுமியின் மகள். அடுத்து அவள் வீட்டுக்கு எதிர்வீடு. கொஞ்ச நேரத்தில் ஒரு லயம் பாக்கி இல்லாமல் ஆட்கள் வாசலில் குனிந்து கிடந்தார்கள். வாந்தி பச்சையாக இருந்தது. மனித வயிற்றிலிருந்து அந்த நிறம் வந்து மயிலம்மாள் பார்த்ததில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் தங்கராஜு உப்புத் தண்ணீர் வாளியோடு வீடு வீடாக ஓடினார்.

போலீஸ் லாரி வந்தது. சோற்றில் விஷம், அதை வைத்தவன் காட்டுக்காரர்களின் கையாள் என்று வெள்ளைக்கார அதிகாரி இறங்கும்போதே முடிவு செய்திருந்தார். இன்றைக்கு மட்டும் ஏன் சாப்பாட்டை மாற்றினாய் என்று மலாய் மொழியில் கேட்டார். ஆறுமுகம் மண்டோர்தான் கேட்டார் என்றான் நல்லசாமி. அதை அவரே சொல்லியிருக்கலாம். அவர் நினைவில்லாமல் கிடந்தார். இரண்டு கான்ஸ்டபிள்கள் நல்லசாமியைத் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். அப்படி ஏறியவர்களைச் சிறையில் வைப்பார்கள், இல்லாவிட்டால் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். நல்லசாமி பிறந்தது இங்கேயே, மந்தினில். இந்தியாவில் அவனுக்கு யாருமில்லை.

"வெசமா? வெசமாடா வெச்சிருக்கோம்?" மயிலம்மாள் அண்டாவுக்குள் கைவிட்டு ஒரு பிடி சோற்றை அள்ளி, அதிகாரி பார்க்க வாயில் அடைத்துக்கொண்டாள். "பாருங்க! நானும் தின்னுறேன், பாருங்க!"

நாக்கில் செப்புக்காசைச் சப்பியதுபோல் ஒரு கைப்பு. விடாமல் விழுங்கினாள். இன்னொரு பிடி எடுப்பதற்குள் எல்லார் முன்னாலும் பச்சையாகக் கக்கினாள். அதிகாரி, இனிமேல் என்ன சாட்சி வேண்டும் என்பதுபோல லாரியை எடுக்கச் சொல்லிக் கையசைத்தார்.

தோட்டத்து ஆபீசிலிருந்து போன் போய், அப்போதுதான் சீவரத்தினத்தின் கார் வந்து நின்றது. அவர் யாரிடமும் பேசாமல் நேரே அண்டாவிடம் போனார். சோற்றை ஒதுக்கி உள்சுவரில் விரலை ஓட்டினார். விரல் பச்சையாக வந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, இதுக்குள்ளை முந்தி இருந்த ஈயம் எங்கை?"

"என்னங்க ஐயா?"

"வெள்ளீயம். உள்ளுக்குப் பூசியிருந்தது. கறுப்பாய்…" அவர் நிறுத்திக்கொண்டார்.

"அந்தக் கறுப்பா?" மயிலம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அது அழுக்குங்களே. நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க?"

ஈயம் போன பித்தளையில் புளி இரவெல்லாம் கிடந்தால் பச்சைக் களிம்பு ஏறும்; அந்தக் களிம்புதான் எல்லார் வயிற்றுக்குள்ளும் போயிருக்கிறது என்று அவர் தணிந்த குரலில் சொன்னார். மயிலம்மாள் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். லெட்சுமி மகளை மடியில் கிடத்திக்கொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மயிலம்மாளைப் பார்க்கவில்லை.

லாரி என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. சீவரத்தினம் சான்றிதழ் ஒட்டியிருந்த சுவரையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் பேசாமல் காரில் ஏறிப் போயிருந்தாலும் அங்கே கேட்க ஆளில்லை.

"ஐயா," என்றாள் மயிலம்மாள். "அவரைக் கொண்டுபோறாங்க."

அவர் நடந்துபோய் லாரியின் முன்னால் நின்றார். ஆங்கிலத்தில் பேசினார். மயிலம்மாளுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அதிகாரியின் முகம் சிவந்ததும், அவர் சமையல்கூடத்துக்குள் போய்ச் சான்றிதழைக் கிழித்துக்கொண்டு வந்ததும், அடியில் இருந்த கையெழுத்தைக் காட்டி ஏதோ கேட்டதும், சீவரத்தினம் தலையசைத்ததும் தெரிந்தது.

நல்லசாமியை இறக்கிவிட்டார்கள். ஊனக்கால் தரையில் பட்டதும் மடிந்து உட்கார்ந்தான். மயிலம்மாள் அவனிடம் போகவில்லை. கைகளைச் சேலையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். அவன் இறங்கிய லாரியில், சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, லெட்சுமியின் மகளையும் ஆறுமுகம் மண்டோரையும் படுக்க வைத்தார்கள். காரை விட்டுவிட்டு அவர்கள் பக்கத்தில் ஏறிக்கொள்ளும்படி அதிகாரி சீவரத்தினத்துக்குக் கை காட்டினார். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஏறினார். லெட்சுமியின் மகள் மறுபடி கக்கினாள். அது அவருடைய வெள்ளைக் கால்சட்டையில் விழுந்தது. அவர் காலை நகர்த்தவில்லை.