நனைக்காத ஏரி

ஏரிக்கு விலை எழுதிய மறுநாளிலிருந்து அதன் தண்ணீர் யாரையும் நனைக்கவில்லை. முதலில் கவனித்தது கரையோரம் சலவைக்கடை வைத்திருந்த அக்கா. ஏரியில் முக்கியெடுத்த போர்வை, பீரோவிலிருந்து எடுத்ததுபோல மொடமொடவென்று வந்தது. வாளியில் மொண்டால் தண்ணீர் இருந்தது. துணிமேல் ஊற்றினால் உருண்டோடி மண்ணில் விழுந்து, மண்ணையும் நனைக்காமல் ஏரிக்கே திரும்பிப் போனது.

விலை எழுதியது அவள் தம்பி. நகராட்சியில் மதிப்பீட்டாளன். ஏரியை மூடி ரோடு போடலாமா என்று முடிவெடுக்க, ஏரி போனால் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று வீடு வீடாகக் கேட்டுவர அவனை அனுப்பியிருந்தார்கள். அந்த அலுவலகத்தில் காலியாக விட்ட கட்டத்தைப் பூஜ்யம் என்றுதான் படிப்பார்கள். எல்லோரும் வாய்க்கு வந்த தொகையைச் சொன்னார்கள். அக்கா மட்டும் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே, "உன்னை எவ்வளவுக்குக் குடுப்பேன்னு கேட்டா என்னடா சொல்லுவேன்? போய் வேலையைப் பாரு" என்றாள். அவள் பிழைப்பு போய்விடுமே என்று பயந்து, அவள் கட்டத்தில் தம்பியே ஒரு தொகையை எழுதினான்.

போர்வை காய்ந்தபடி வந்த அன்றே அவள் அலுவலகத்துக்கு வந்து நின்றாள்.

"என் பேருக்கு நேரா என்னடா எழுதின?"

"பெரிய தொகைதான்க்கா."

"பெருசா சின்னதான்னு கேட்டேனா?"

அதன்பின் பல வருடங்கள் அவள் அவனோடு பேசவில்லை. கணக்கு ஏரிப் பக்கம் சாய்ந்து, ரோடு வேறு வழியாகப் போனது. எழுதியதை அடித்துவிடச் சொல்லி அவன் மனு கொடுத்தான். மேலதிகாரி கண்ணாடியைத் துடைத்தபடி, "அடிச்சிடலாம்பா. அப்புறம் அது பூஜ்யம். ரோடு வந்துடும், பரவாயில்லையா?" என்றார். மனுவை அவனே திரும்ப வாங்கிக்கொண்டான்.

ஏரியைக் காப்பாற்றிய விதத்தைப் பார்க்க வெளியூர்களிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள்; ஷூவோடு இறங்கி, ஷூவோடு ஏறி, பாராட்டிவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் முழங்கால் ஆழத்தில் குறுக்கே நடந்து காய்ந்த காலோடு பள்ளிக்கூடம் போனார்கள். அக்கா சலவையை விட்டுவிட்டு இஸ்திரி மட்டும் போட்டாள். தம்பி தினமும் மாலையில் துண்டோடு வந்து முங்குவான். காய்ந்த தலையோடு கரையேறி, மடிப்புக் கலையாத துண்டை எடுத்துக்கொண்டு போவான்.

ஒருநாள் அவள் கையை நீட்டினாள். "குடுடா. எவ்வளவு நாள்தான் இதையே தூக்கிட்டு அலைவ?"

அன்றிலிருந்து வாரம் ஒருமுறை அந்தத் துண்டை அவள்தான் இஸ்திரி போட்டுக் கொடுக்கிறாள். சுருக்கம் போக, வீட்டிலிருந்து கொண்டுவந்த குழாய்த் தண்ணீரை அதன்மேல் தெளிப்பாள். அந்தத் துண்டு நனைவது அப்போது மட்டும்தான்.