அம்சவள்ளியின் மோட்டார் விற்பனைக்கு இல்லை

ஆயுத பூசையன்று தோட்டத்து முனீஸ்வரன் கோயில் வாசலில் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தோடு வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாகக் கிளம்பிப் பழத்தை நசுக்கிக்கொண்டு போயின. அம்சவள்ளியின் ஸ்கூட்டர் மட்டும் அசையவில்லை. பட்டனை அமுக்கினாள், டிக்கென்றது. மறுபடி அமுக்கினாள், அந்தச் சத்தமும் இல்லை. கோயில் தலைவர் முருகையா கற்பூரத் தட்டைக் கீழே வைப்பதற்குள் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"ஐயா உத்தரவு குடுக்கல. பொம்பள இனிமே மோட்டார எடுத்துக்கிட்டு ரோட்டுல போவக்கூடாதுன்னு அர்த்தம்."

கூட்டம் தலையாட்டியது. தலையாட்டுவதற்கு யாருக்கு என்ன செலவு?

காரணம் அம்சவள்ளிக்குத் தெரியும். முதல் நாள் மாலையே மோட்டார்களைக் கோயிலில் கொண்டுவந்து நிறுத்திவிடுவது அந்தத் தோட்டத்து வழக்கம். சாமந்தியும் குருத்தோலையும் போதாதென்று இப்போது மினுக்கு விளக்கு வேறு. இருப்பதில் புதுசு அவளுடையதுதான், முன்னால் நிற்கட்டும் என்று முருகையாவின் ஆட்களே இழுத்துப்போய் நிறுத்தி, விளக்குச் சரம் முழுவதையும் அதன் பேட்டரியில் மாட்டிவிட்டார்கள். விடிய விடிய மினுக்கினால் பேட்டரியில் என்ன மிச்சம் இருக்கும்? மற்ற மோட்டார்களைக் காலால் உதைத்தாவது கிளப்பலாம். இதில் உதைக்கிற கட்டையே கிடையாது. இதை அவள் அங்கேயே எடுத்துச் சொன்னாள். சாமி காரியத்தில் வயரைப் பற்றிப் பேசாதே என்று முருகையா அடக்கிவிட்டார். வயரை மாட்டியவன் கூட்டத்துக்குப் பின்னால் நின்று தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

பட்டணத்துப் பக்கம் மெர்கோங்கில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. மாவு பிசைகிற பகுதிக்கு அவள்தான் பொறுப்பு. முதல் பஸ் யான் ஊரைத் தாண்டுவதற்கு முன்பே அவள் அங்கே கையுறை மாட்டியிருக்க வேண்டும். மோட்டார் போனால் வேலை போச்சு. வேலை போனால் பழையபடி முருகையா கங்காணித்தனம் பண்ணும் நாற்றுப் பண்ணையில் குனிந்து பையில் மண் நிரப்ப வேண்டியதுதான். அங்கிருந்து அவள் விலகிய நாள் முதல் அவருக்கு உள்ளுக்குள் புகைச்சல். சாமி பேரில் அது இப்போது வெளியே வந்தது.

அவள் புருஷன் புவனேசன் நல்லவன்தான். யானில் நெல் ஆலையில் மூட்டை ஏற்றுகிறவன், எந்த மூட்டைக்கும் பயப்படமாட்டான், ஊர்ப் பேச்சு என்றால் மட்டும் ஒடுங்கிவிடுவான். நமக்கு எதுக்கு வம்பு, வித்துடலாம் என்றான். முருகையாவே ஆள் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம், ஞாயிற்றுக்கிழமை வருவார்களாம். அம்சவள்ளி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். அழுகை வந்தது. இவர்களுக்காகவா அழுவது என்று முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

பேட்டரிக்கு உயிர் கொடுத்தால் போதும். ஆனால் தங்கள் வண்டியிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளத் தோட்டத்தில் யாரும் வயர் தரவில்லை. மோட்டார் பழுது பார்க்கும் தேவன், அந்தப் பக்கத்து போமென், ஐயா குற்றம் வந்த வண்டியில் கை வைக்கமாட்டேன் என்று கடையின் இரும்புக் கதவைப் பாதி இறக்கினான். போன மாதமும் இதே கதைதான். வயல் ரோட்டில் டயரில் காற்று இறங்கிப்போய், பம்போடு யாராவது வருவார்களா என்று வரப்பில் உட்கார்ந்திருந்தாள். அவள் வீடு வந்து சேர்வதற்குள் அந்தக் கதை தோட்டத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது, அதில் முன்பின் தெரியாத ஓர் ஆம்பளையும் இருந்தான். இனி எவன் கையையும் எதிர்பார்க்கப்போவதில்லை என்று அன்றைக்கே அவள் மனம் கல்லாகிவிட்டது.

சனிக்கிழமை வேலை முடிந்ததும், இரண்டு நாளாக அவளைக் காரில் ஏற்றி வந்துகொண்டிருந்த, கூட வேலை செய்யும் காஞ்சனாவை மெர்கோங் கடைத்தெருவில் நிறுத்தச் சொன்னாள். கார், மோட்டார் சாமான் விற்கும் சத்தியசீலன் கடை. வீட்டுக்காரர் வண்டிக்கா அக்கா என்று அவர் ஆரம்பித்தார். என் வண்டிக்கு என்றாள். பேட்டரி செத்துப்போனால் கிளப்பிவிடவும் வேண்டும், டயருக்குக் காற்றும் அடிக்க வேண்டும், இரண்டும் ஒரே சாமானில் இருக்க வேண்டும் என்றாள்.

அவர் ஒரு பெரிய பெட்டியை எடுத்து வைத்தார். அட்டையில் அதன் சக்தியைக் காட்டும் பெரிய பெரிய எண்கள். அம்சவள்ளிக்கு அதைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது, பொய் சொல்வானேன். முருகையா முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டுவதற்கு அதுதான் ஏற்றது என்று தோன்றியது. ஆனால் கைப்பையில் அவள் ரொட்டிப் பெட்டி அட்டை ஒன்று வைத்திருந்தாள். ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் மழைச்சட்டை போக மிச்சமிருக்கும் இடத்தை அளந்து வெட்டியது. பெரிய பெட்டியை அதன்மேல் வைத்தால் நாலு பக்கமும் பிதுங்கியது. ஆசையை அங்கேயே விட்டாள்.

சத்தியசீலன் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒழுங்காக வேலையில் இறங்கினார். அந்தப் பெரிய எண் லாரிக்காரனுக்கு, ஸ்கூட்டர் என்ஜினுக்கு அதில் கால்வாசி போதும் என்று அவரே சொன்னார். அடுத்ததாக எடுத்ததில் கவ்வி முரட்டுக் கவ்வி, ஸ்கூட்டர் பேட்டரியின் சின்னக் காதைப் பிடிக்கப் போனால் பக்கத்து இரும்பில் இடிக்கும். அதையும் தள்ளினார்கள். இன்னொன்று விலை மலிவு, பார்க்கவும் அழகு. கடை மோட்டாரில் காற்றடித்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். அடித்தார்கள். வேண்டிய அளவு வந்த பிறகும் அது நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. சத்தியசீலன் அவசரமாகப் பிடுங்கினார். மழையில் நின்றுகொண்டு மீட்டரையே பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது என்றாள் அம்சவள்ளி.

கடைசியில் எடுத்தது சின்னது, கறுப்பு. சொன்ன அளவில் தானே நின்றது. சிவப்பையும் கறுப்பையும் மாற்றி மாட்டினால் மின்சாரத்தைத் தடுத்துக் கத்தியது. சத்தியசீலன் வேண்டுமென்றே மாற்றி மாட்டிக் காட்டினார். கவ்வி மெலிசு. அட்டைமேல் வைத்தாள், விரல் நுழைய இடம் விட்டு அடங்கியது. மாதம் ஒருமுறை மறக்காமல் சார்ஜ் போடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் உங்களைக் கைவிட்டுவிடும் என்றார். அந்த ஒன்றை மட்டும் அவள் திரும்பக் கேட்டு மனதில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முருகையா வந்தார். வாங்குகிற ஆள் என்று கூட வந்தவன் சுகுமாரன், அவருடைய சொந்த மருமகன். வண்டியை ஏற்றிப்போக வேன்கூடக் கொண்டுவந்திருந்தான். ஆம்பளை பேருக்கு மாற்றி, ஐயாவுக்கு ஒரு சேவல் அறுத்துவிட்டால் தோஷம் கழிந்துவிடும் என்று முருகையா புவனேசனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்து வீட்டு வேலிகளில் ஆள் சேர்ந்துவிட்டது.

அம்சவள்ளி யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஸ்கூட்டரின் முன்மூடியைக் கழற்றினாள். சிவப்பை முதலில் கவ்வினாள், பிறகு கறுப்பு. பச்சை விளக்கு வந்தது. பட்டனை அமுக்கினாள். ஒரே அமுக்கு, என்ஜின் பிடித்துக்கொண்டது. வேலியோரம் யாரோ ஐயோ என்றார்கள். அவள் கவ்விகளைக் கழற்றி, மூடியைப் போட்டு, காற்று குறைந்திருந்த பின் சக்கரத்துக்குக் குழாயை மாட்டினாள். காற்று ஏறும்வரை எல்லாரும் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அளவு வந்ததும் அது தானாக நின்றது. அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள்.

"எனக்குக் குடுக்காத உத்தரவு ஒங்க மருமவனுக்கு மட்டும் எப்படி மாமா வந்துச்சு? ஐயா மேல பழியப் போடாதீங்க லா. பேட்டரிய வத்த வச்சது ஒங்க ஆளுங்க."

சுகுமாரன் வேன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். முருகையாவின் முகம் கறுத்தது. அவளிடம் பேசுவது கேவலம் என்று நினைத்திருப்பார். புவனேசன் பக்கம் திரும்பினார்.

"ஒம் பொஞ்சாதிய எறங்கச் சொல்லு."

அம்சவள்ளி அதற்குள் ஏறி உட்கார்ந்திருந்தாள். இறங்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் புவனேசன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிடுமோ என்று பயந்தாள். ஊர் முழுக்க எதிர்த்து நின்றாலும் தாங்குவாள், அவன் ஒருவன் சொல்லிவிட்டால் தாங்கமாட்டாள்.

புவனேசன் வீட்டுக்குள் போனான். முருகையா மற்றவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். திரும்பி வந்தபோது புவனேசன் தலையில் ஹெல்மெட் இருந்தது. வாரை மாட்டாமல் அப்படியே தொங்கவிட்டுக்கொண்டு வந்து அவளுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தான். அந்தத் தோட்டத்தில் எந்தப் புருஷனும் அதுவரை பெண்டாட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து போனதில்லை.

"கெளப்பு வள்ளி," என்றான். "சந்து வழியா வேணாம். கோயில் வாசல் வழியாவே போ."