உபரிப் பிரதேசம்

தொண்ணூறுகளில் ஒரு வருசம். யூரியா உரத்தில் வெடிகுண்டு செய்துவிடுவார்கள் என்று இராணுவம் அதைச் சோதனைச்சாவடியோடு மறித்துவிட்டது. சித்தாண்டிக்கு அப்பால் வயல்வட்டை முழுவதும் பயிர் மஞ்சளித்துப் போனது. சின்னத்தங்கத்தின் வயலில் தேறிய நெல் அடுத்த போகத்துக்கு விதைக்க மட்டும் காணும். அதில் கைவைக்காமல் இரண்டு பிள்ளைகளோடு வருசத்தை ஓட்ட, அவள் நிவாரண அரிசியைத்தான் மலைபோல நம்பியிருந்தாள்.

அந்த நிவாரணம் இனியும் தேவையா என்று ஆராயக் கொழும்பிலிருந்து கலாநிதி வினாயகமூர்த்தி வந்தார். ஏழை நாடுகள் ஏன் ஏழையாகவே கிடக்கின்றன என்று வெளிநாட்டில் படித்துப் பட்டம் வாங்கியவர். மனுசன் கெட்டவர் இல்லை. விளைச்சலைப் பற்றி விளையும் இடத்திலேயே கேட்க வேண்டும் என்பது அவர் படித்த பொருளியல். ஆகவே நேரே சூடடிக்கிற களத்துக்குள் வந்து, நெற்குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டார்.

"விளைச்சல் எப்படி, அம்மா?"

சின்னத்தங்கம் நெற்குவியலை ஒருமுறை பார்த்தாள். களத்தில் நெல் கிடக்கும்போது குறைவு, நட்டம், இல்லை என்று வாயெடுக்கக் கூடாது. பூதம் கேட்டுக்கொண்டிருக்கும். இருப்பதையும் அள்ளிக்கொண்டு போய்விடும். எவ்வளவு குறைந்தாலும் பொலி, அதாவது நிறைவு, என்றுதான் சொல்ல வேண்டும். நெல் தூற்றிக்கொண்டிருந்த அவளுடைய அண்ணன் கோணாமலை வேறு கண்ணை உருட்டினான்.

"நல்ல பொலி, சேர். கொஞ்சம் வரம்புக்கு வாங்க, மத்ததெல்லாம் அங்க வெச்சிச் சொல்லுறன்," என்றாள் சின்னத்தங்கம்.

"இடம் மாறினால் பதிலும் மாறிப்போகும், அம்மா," என்றார் கலாநிதி. அன்று அவர் சொன்னதில் அது ஒன்றுதான் சரி.

மற்றக் களங்களிலும் எல்லாரும் பொலி என்றே சொன்னார்கள். அவர் திருப்தியோடு சோதனைச்சாவடி மூடுமுன் புறப்பட்டார்.

கொஞ்ச நாளில் அந்த வட்டை உபரிப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. நிவாரணம் நின்றது. சின்னத்தங்கம் நிவாரண அரிசி கொடுத்துவந்த சங்கக்கடை வாசலில் நின்று வாய்விட்டு அழுதாள். பிறகு வீட்டுக்குப் போய், பிள்ளைகளின் பசிக்கு விதைநெல்லை அவித்தாள்.

அடுத்த போகம் வயலெல்லாம் புல் மண்டியது. உபரிப் பிரதேசத்துக்காரர் ஏன் விதைக்கவில்லை என்று ஆராய அதே கலாநிதி மறுபடியும் வந்தார். சின்னத்தங்கம் வயல் நடுவில் நின்றே யூரியாவில் தொடங்கி விதைநெல் வரைக்கும் ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தாள். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

கலாநிதி பொறுமையாகக் கேட்டார். உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, அம்மா?"

"அண்டைக்கு நெல்லு இருந்திச்சே, சேர்."