கம்பம் விழுந்த வீடு

குடத்தை முதலில் கம்பத்துக்கு அடியில் தள்ளிவிட்டு, புடவையை முழங்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அம்சவேணி குனிந்து உள்ளே நுழைந்தாள். புயல் அடித்துப் பதின்மூன்று நாளாகிவிட்டது. அந்த இடத்தில் எவ்வளவு குனிய வேண்டும் என்று முதுகு கற்றுக்கொண்டுவிட்டது. ஆனாலும் ஏதாவது நினைப்பில் சற்று முன்னதாக நிமிர்ந்துவிட்டால் இரும்பு உச்சந்தலையில் இடித்துக் கண்ணில் பூச்சி பறக்கும். அப்போதெல்லாம் அவள் யாரையும் திட்டுவதில்லை. குடத்துத் தண்ணீர் சிந்தாமல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பாள்.

ஐப்பசி முடிகிற சமயத்தில் அடித்த காற்று அது. குடியாத்தம் பக்கத்தில் கடலைக் கண்ணால் பார்த்தவர்களே கொஞ்சம் பேர். அந்தக் கடலில் பிறந்த புயல் இவ்வளவு தூரம் வந்து சாவடிமேட்டுத் தெருவில் தன் வீட்டைத் தேடிப் பிடித்ததை அம்சவேணியால் இன்னும் நம்ப முடியவில்லை. பழைய தண்டவாளத்தை நட்டு மின்சாரக் கம்பமாக்கியிருந்தார்கள். அது எதிர்ச்சாரியிலிருந்து சாய்ந்து, தெருவைக் குறுக்கே அடைத்துக்கொண்டு, அவள் வீட்டு முன்சுவரைப் பிளந்து, ஓட்டுக் கூரைக்குள் புகுந்து, பின்சுவரில் தலையை வைத்துப் படுத்துவிட்டது. உத்திரம் முறிந்துவிட்டது. ஆனால் முறிந்த உத்திரம் கம்பத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டதால், எந்தக் கம்பம் வீட்டை உடைத்ததோ அதுவே கூரையைத் தாங்கிக்கொண்டும் இருந்தது. இரண்டு பிள்ளைகளையும் வாலாஜாபேட்டையில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அனுப்பியாயிற்று. அவளும் புருஷன் தணிகைவேலும் அடுப்பங்கரையில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள்.

புயலுக்கு மறுநாளே லைன்மேன் சின்னசாமி வந்து கம்பிகளை வெட்டிச் சுருட்டி ஓரமாகப் போட்டான். கம்பத்தை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டதற்கு, "வூட்டுக்கு இன்னா சேதம்னு தாலுகா ஆபீஸ்ல பாத்து எழுதணும்மா. அதுக்கு முன்னாடி நாங்க தூக்கி, மிச்சமும் இடிஞ்சா எங்க மேல கேசு வரும்," என்றான். இரண்டு நாள் கழித்து ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் வந்தார். குடையை மடக்காமலேயே எட்டிப் பார்த்தார். "கம்பம் மின்சார ஆபீஸ் சொத்து. அவங்க எடுத்தாத்தான் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து பாப்பாரு. ஆனா ஒண்ணு, அவரு வர்ற வரைக்கும் ஒரு ஓட்டைக் கூட நகர்த்தாதே. நகர்த்தினா வூடு விழுந்ததுக்கு அத்தாட்சி இல்லே. மூங்கிலு, கீத்து, உதவித் தொகை எதுவும் வராது," என்றார். அவர் போனபிறகு அம்சவேணி அந்த இரண்டு பேச்சையும் மாற்றி மாற்றி யோசித்தாள். அவன் இவரைக் கை காட்டுகிறான், இவர் அவனைக் கை காட்டுகிறார். நடுவில் வீடு கிடக்கிறது.

வீடு மட்டும் கிடந்தால் பரவாயில்லை. தெருவே கிடந்தது. தெருக்கோடியில் பரந்தாமனுடைய கொட்டகையில் ஆறு விசைத்தறிகள் மின்சாரம் இல்லாமல் நின்றன. அங்கே லுங்கி நெய்கிற பதினான்கு பேரில் தணிகைவேலும் ஒருவன். தறி ஓடினால்தான் கூலி. தறிக்குப் பாவு நூல் ஏற்றி வந்த வண்டி, தெருவில் நுழைய முடியாமல் இரண்டு தடவை திரும்பிப் போயிற்று. தண்ணீர்த் தொட்டிக்கு நீர் ஏற்றும் மோட்டாரும் ஓடாததால் பெண்கள் ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் மொண்டார்கள். முதல் வாரம் எல்லோரும் மின்சார ஆபீசைத் திட்டினார்கள். இரண்டாவது வாரம் தாலுகா ஆபீசைத் திட்டினார்கள். இரண்டும் தொலைவில், காது கேட்காத இடத்தில் இருந்தன. அம்சவேணியின் வீடு பக்கத்தில் இருந்தது. ஊற்றருகில் அவள் போய் நின்றதும் பேச்சு நிற்பதை அவள் கவனித்தாள். "ஒரு வூட்டுக்காவ ஊரே இருட்டுல கெடக்குது," என்று யாரோ முதுகுக்குப் பின்னால் சொன்னதும் காதில் விழுந்தது.

நேற்றுக் காலையில் பரந்தாமன் கயிறோடு வந்துவிட்டார். கூடப் பத்துப் பன்னிரண்டு பேர். கயிற்றின் கடைசி முனையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைக் காட்டாமல், தணிகைவேலும் நின்றுகொண்டிருந்தான். ராத்திரி தன் பக்கத்தில் படுத்திருந்தவன் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. அம்சவேணி நேராகப் போய், கம்பம் தாழ்ந்திருந்த இடத்தில் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"தங்கச்சி, எழுந்திரு," என்றார் பரந்தாமன். "இன்னும் எத்தினி நாளு பாக்கறது? பதினாலு குடும்பம் பட்டினி."

"எனக்கு மட்டும் தெரியாதாண்ணா? பதினாலுல ஒண்ணு என்னுது. அதிகாரி ஒரு தடவை வந்து கண்ணால பாத்துட்டுப் போவட்டும். அப்புறம் நானே கை குடுக்கறேன்."

"அவன் வரவே மாட்டான்."

"அப்போ தூக்குங்க. என்னையும் சேத்துத் தூக்குங்க."

யாரும் அசையவில்லை. முதலில் கயிற்றைக் கீழே போட்டவன் தணிகைவேல்தான். பரந்தாமன் போகும்போது, "உன் வூட்டை நெனச்சிக்கினு தெருவை மறந்துட்டே," என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் அவன் சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் வராம இருந்தா நாளைக்குத் தறியில நிக்க வுடுவாராடி?" என்றான். அவளுக்குக் கோபம் வரவில்லை. இந்த மனுஷன் தன்னைவிடக் குறுகலான இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று பட்டது.

இன்று குடத்தை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அவள் சைக்கிள் கடை அப்துல் சமத்திடம் போனாள். தெருவுக்கு மனு எழுதிக் கொடுப்பவர் அவர்தான். ஏற்கெனவே மூன்று மனு எழுதியிருந்தார். நான்காவதை எழுதி முடித்து மை காய ஊதியபடி, "தபால்ல போடாதே தங்கச்சி. நீயே எடுத்துனு போயி, கையில குடுத்து, பதில் கேட்டுட்டு வா. தேர்தல் வருது, இப்போ கொஞ்சம் பயம் இருக்கும்," என்றார்.

தாலுகா ஆபீஸ் வராந்தாவில் ஜனங்கள் சுவரோரமாகக் குந்தியிருந்தார்கள். எல்லோர் கையிலும் அவளுடையதைப் போலவே ஒரு காகிதம். ஈரத் துணி நாற்றமும் வெற்றிலை நாற்றமும் கலந்து அடித்தது. செத்த மாட்டின் கொம்பைச் சாட்சிக்காகத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார் ஒரு கிழவர். வெயில் உச்சிக்கு வந்தபோது அவள் முறை வந்தது. குமாஸ்தாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அவர் பேரேட்டைப் புரட்டி, விரலால் வரிவரியாக இறங்கி, ஓரிடத்தில் நிறுத்தினார்.

"சாவடிமேடு. புருஷன் பேரு தணிகைவேலா? லிஸ்டு திங்கக்கிழமையே மேல போய்ட்டுதும்மா."

"எங்க வூட்டை இன்னும் யாரும் வந்து பாக்கலீங்களே, ஐயா."

"பாத்தாச்சின்னு எழுதியிருக்குது." அவர் படித்துக் காட்டினார். "நேரில் பார்வையிடப்பட்டது. கூரை நிற்கிறது. சேதம் இல்லை."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. யாரோ ரோட்டில் ஜீப்பை நிறுத்தி, இறங்காமலேயே, தெருமுனையிலிருந்து பார்த்திருக்கிறார்கள். கம்பம் தூக்கிப் பிடித்திருந்த கூரை தெரிந்திருக்கிறது.

"அது கம்பத்து மேல நிக்குதுங்க. கம்பத்தை எடுத்தா விழுந்துடும்."

"அப்போ எடுத்தப்புறம் இன்னொரு மனு குடு." குமாஸ்தா தலையைத் தூக்கி ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். கெட்ட முகம் இல்லை. தூக்கம் கெட்ட முகம். "என் கையில இன்னாம்மா இருக்குது? எனக்கு வர்றதை நான் எழுதறேன்."

பஸ்ஸில் வரும்போது அம்சவேணி வெளியே பார்க்கவில்லை. பத்து நாளுக்கும் மேலாக ஓர் ஓட்டைக்கூடத் தொடாமல் காத்தது, பிள்ளைகளை அனுப்பியது, ஊற்றருகில் பேச்சு வாங்கியது எல்லாம் மடியில் வந்து விழுந்தன. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. தெருவில் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் பயமாக இருந்தது.

தெருமுனையில் கூட்டம் நின்றிருந்தது. கயிறும் இருந்தது. மறுபடியும் சண்டைதான் என்று நினைத்துக்கொண்டே அவள் நெருங்கினாள். பரந்தாமன் எதிரே வந்தார். நேற்றைய முகம் இல்லை.

"தங்கச்சி, காலையில சின்னசாமி வந்தான். இதை எடுத்தாலும் கரண்ட் வராதாம். புதுக் கம்பம் வரணுமாம். எப்போன்னு அவனுக்கே தெரியாதாம். நான் உன்னைப் பேசினது தப்பு. அந்த அதிகாரி வந்து பாக்கற வரைக்கும் ஒருத்தனும் இதைத் தொட மாட்டான். கம்பம் அசையாம கயித்தால சுத்திக் கட்டிடலாம்னு இருக்கறோம்."

பின்னாலிருந்த பெண்கள் தலையாட்டினார்கள். தணிகைவேல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பதின்மூன்று நாளில் முதல் தடவையாகத் தெரு அவள் பக்கம் நிற்கிறது. இந்த நேரம் பார்த்து அவள் சொல்ல வேண்டியிருந்தது.

"அவரு வந்துட்டுப் போய்ட்டாராம்," என்றாள். "சேதம் இல்லேன்னு எழுதிட்டாங்க."

அப்துல் சமத் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கேயோ ஒரு கோழி கொக்கரித்தது. அம்சவேணி குனிந்து கயிற்றின் முனையை எடுத்துப் பரந்தாமன் கையில் கொடுத்தாள்.

"தூக்குங்கண்ணா."

இருபது பேர் தோள் கொடுத்தார்கள். தணிகைவேல் உள்ளே போய்ச் சாமான்களை அள்ளி வெளியே போட்டான். கம்பம் பின்சுவரை விட்டுக் கிளம்பியபோது உத்திரம் ஒருமுறை முனகியது. அவன் வெளியே ஓடி வந்ததும் கூரை மொத்தமும், ஓடுகளும் வரிச்சுகளும் தூசியுமாக, அப்படியே உட்கார்ந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தூசி அடங்குகிற வரைக்கும் அவள் கண்ணை மூடவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து படுத்து எழுந்த வீடு. இப்போதாவது பார்க்கிறவர்களுக்கு விழுந்த வீடாகத் தெரியும்.

"எங்க போடறது?" என்று பரந்தாமன் மூச்சிரைக்கக் கேட்டார். எல்லோருடைய கழுத்து நரம்பும் புடைத்திருந்தது. "சொல்லு தங்கச்சி, தோளு போவுது."

"ரோட்டுல," என்றாள் அம்சவேணி.

சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கால்கள் நகர்ந்தன. குடியாத்தத்திலிருந்து பேர்ணாம்பட்டு போகிற ரோட்டின் இந்தப் புளியமரத்துக்கும் அந்தப் புளியமரத்துக்கும் நடுவில், குறுக்காக, அதை இறக்கினார்கள். தார் அதிர்ந்தது. அம்சவேணி போய் அதன் நடுவில் உட்கார்ந்தாள். வெயிலில் இரும்பு சுட்டது. கொஞ்ச நேரத்தில் தணிகைவேல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அப்புறம் பரந்தாமன். பிறகு ஊற்றருகில் பேச்சை நிறுத்திய பெண்கள்.

முதலில் ஒரு பஸ் வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து, இடிந்த வீட்டையும் கம்பத்தில் உட்கார்ந்திருப்பவர்களையும் பார்த்துவிட்டு, பீடி பற்றவைத்துக்கொண்டு மர நிழலுக்குப் போனார். அதன் பின்னால் ஒரு லாரி. அதற்கும் பின்னால் ஒரு சர்க்கார் ஜீப், ஹார்ன் அடித்தபடி. உள்ளே வெள்ளைச் சட்டை போட்டவர் ஒருவர் மடியில் பைல்களோடு இருந்தார். அவர் இறங்கவில்லை. தன் டிரைவரிடம் ஏதோ சொன்னார். ஜீப் பின்னால் போகப் பார்த்தது. அதற்குள் பேர்ணாம்பட்டுத் தோல்சாலைகளுக்குப் போகிற மாட்டு வண்டிகள், உப்புப் போட்ட பச்சைத் தோலை மலைமாதிரி ஏற்றிக்கொண்டு, வரிசையாக வந்து நெருக்கி நின்றுவிட்டன. முதல் வண்டியின் மாடு மூக்கை நீட்டி ஜீப்பின் பின்பக்கத்தை மோந்து பார்த்தது. தோல் நாற்றம் ரோடு முழுக்கப் பரவியது. வெள்ளைச் சட்டைக்காரர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, முன்னாலும் பின்னாலும் மாறி மாறித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.